மருந்து உள்ளே போனதா? பாக்டீரியாவுக்குள் ஆன்டிபயாட்டிக்கை அளக்கும் கலை

1929-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் பாதி, அந்தப் பூஞ்சைச் சாறு கொல்லாத ஒரு கிருமிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்ஃப்ளூயன்சா பாசில்லஸ் என்று அன்று அழைக்கப்பட்ட பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்ப்பது பெரும்பாடு. தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் மற்ற கிருமிகள் முந்திக்கொண்டு பரவிவிடும். வளர்ப்புத் தட்டில் பெனிசிலினைச் சேர்த்தால் அவை அடங்கும், இது மட்டும் தழைக்கும். டைஃபாய்டு கிருமி, ஈ.கோலை ஆகியவை அடங்கிய கூட்டத்தையும் பெனிசிலின் தொடவில்லை என்று அதே கட்டுரையில் ஃபிளெமிங் குறித்திருக்கிறார்.

ஏன் தொடவில்லை? ஒரு மருந்து ஒரு பாக்டீரியாவைக் கொல்லாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மருந்து உள்ளே நுழையவே இல்லை. அல்லது நுழைந்தது, ஆனால் வெளியேற்றப்பட்டுவிட்டது. அல்லது உள்ளேயே இருந்தும், அது பற்ற வேண்டிய புரதத்தைப் பற்றவில்லை. அல்லது ஏதோ ஒரு நொதி அதை வழியிலேயே சிதைத்துவிட்டது. சோதனைக் குழாயில் பார்த்தால் இந்த நான்குக்கும் ஒரே தோற்றம்தான்: திரவம் கலங்கியிருக்கும், கிருமி வளர்ந்திருக்கும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவை ஆய்வகங்கள் எம்.ஐ.சி. என்பார்கள். அந்த எண் மருந்து தோற்றதைச் சொல்லும்; எந்த இடத்தில் தோற்றது என்று சொல்லாது.

அந்த இடம் தெரியாமல் பெரும் பணம் செலவானது உண்டு. 1995 முதல் 2001 வரை கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் பெரும்பாலும் பாக்டீரியாவின் உயிர்நாடியான புரதங்களைக் குறிவைத்து 70 பெரும் தேடல்களை நடத்தியது. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான வேதிச் சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. மருந்தாக வளர்க்கத் தகுந்த தொடக்கமாகத் தேறியவை ஐந்தே. தனியே பிரித்தெடுத்த புரதத்தை அருமையாக முடக்கிய சேர்மங்கள், உயிருள்ள பாக்டீரியாவின் முன் செயலற்றுப்போயின. புரதத்தை முடக்கும் வேதியியல் நமக்குத் தெரியும். கிருமிக்குள் போய்த் தங்கும் வேதியியல்தான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இரண்டு சவ்வுகளும் ஒரு பம்பும்

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்த சாயச் சோதனையில் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். நம் சிக்கல் பெரும்பாலும் பின்னவற்றோடுதான். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு சவ்வுகள்.

வெளிச்சவ்வின் வெளிப்புறம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த கொழுப்பு மூலக்கூறுகள். எதிர்மின்னேற்றம் கொண்ட அவற்றை மெக்னீசியம், கால்சியம் அயனிகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எண்ணெய்த்தன்மை கொண்ட மருந்துகள் இந்த இறுக்கத்தைக் கடக்கத் திணறும். நீரில் கரையும் சிறிய மூலக்கூறுகளுக்குப் போரின் எனப்படும் புரதக் குழாய்கள் வழிவிடும். ஈ.கோலையின் போரின்கள் வழியே ஏறத்தாழ 600 டால்டன் எடை வரையிலான மூலக்கூறுகள் நுழையலாம் (ஒரு டால்டன் என்பது ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). சிப்ரோஃப்ளாக்சசின் 331 டால்டன், நுழைந்துவிடும். வான்கோமைசின் ஏறத்தாழ 1,450 டால்டன், வாசலிலேயே நின்றுவிடும். கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு எதிராக அவ்வளவு வலுவான வான்கோமைசின் ஈ.கோலையிடம் பலிக்காததற்கு முதன்மையான காரணம் இந்தப் பருமன்தான்.

உட்சவ்வின் விருப்பம் நேர் எதிரானது. அது எண்ணெய்த்தன்மையை வரவேற்கும், மின்னேற்றம் கொண்டதைத் தயங்கித்தான் விடும். ஆகவே இலக்கு செல்லின் நடுவே இருந்தால், ஒரே மூலக்கூறு இரண்டு முரணான நிபந்தனைகளையும் நிறைவேற்றியாக வேண்டும். பெனிசிலின் குடும்பத்துக்கு இந்தத் தொல்லை பாதிதான். அது தாக்க வேண்டிய புரதங்கள் இரு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நோக்கியே இருக்கின்றன.

இத்தனையும் கடந்து வந்ததைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கென்றே பம்புகள் இருக்கின்றன. ஈ.கோலையில் பெயர்பெற்றது ஏசிஆர்ஏபி–டோல்சி என்ற மூன்று பகுதிப் பம்பு. உட்சவ்வில் தொடங்கி வெளிச்சவ்வைத் துளைத்து நிற்கும் இது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மருந்துகளையும் பாகுபாடின்றி வெளியேற்றும். சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடுதான் இதற்கு எரிபொருள்.

இப்போது ‘சேர்தல்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓர் உயரத்தில் மட்டம் நிற்கும். அந்த மட்டத்தைப் பார்த்து, ஊற்றும் வேகம் குறைவா, ஓட்டை பெரிதா என்று சொல்லிவிட முடியாது. பாக்டீரியாவுக்குள் மருந்து சேரும் அளவும் அப்படித்தான். நுழையும் வேகம், வெளியேறும் வேகம், உள்ளே சிதைவது, உள்ளே எதையாவது பற்றிக்கொண்டு தங்குவது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ‘மருந்து சேரவில்லை’ என்பதை ‘மருந்து நுழையவில்லை’ என்று படித்துவிடுவது இந்தத் துறையின் பழைய பிழை. டெட்ராசைக்ளினின் கதை அதைத்தான் காட்டியது.

வெளியே தள்ளுகிறது என்று எப்படித் தெரிந்தது

டெட்ராசைக்ளினுக்கு அடங்காத ஈ.கோலையில் அந்த மருந்தின் அளவு குறைவாக இருப்பது நெடுநாளாகவே தெரியும். அளந்தவிதம் எளிது. மருந்தில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் கதிரியக்க டிரிட்டியத்தை வைப்பார்கள். கிருமியை அந்த மருந்தில் ஊறவைத்து, நுண்துளை வடிதாளில் வடித்து, ஒரு முறை அலசி, தாளில் தங்கிய கதிரியக்கத்தை எண்ணுவார்கள். எதிர்ப்புக் கிருமியின் எண் குறைவாக வந்தது. சவ்வு மாறியிருக்கிறது, மருந்து நுழையவில்லை என்றே பலரும் எண்ணினார்கள்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரா மெக்மரி, ஸ்டூவர்ட் லெவி குழு 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. எதிர்ப்புக் கிருமியின் உட்சவ்வை எடுத்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பிய சிறு குமிழ்களாக ஆக்கினார்கள். செல்லிலிருந்து மருந்தை வெளியே தள்ளும் பம்பு அங்கே இருந்தால், திருப்பிப் போட்ட குமிழில் அதே பம்பு மருந்தை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தது. ஆற்றல் கொடுத்தால் மட்டுமே இழுத்தது. எதிர்ப்பில்லாத கிருமியின் குமிழ்கள் இழுக்கவில்லை. நுழைவதைத் தடுப்பதாக நினைத்த கிருமி உண்மையில் வெளியேற்றிக்கொண்டிருந்தது என்பது தெளிவாயிற்று. இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு தீர்மானமான சோதனைகள் உயிரியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

நுழையும் வேகத்தை மட்டும் தனியே அளக்கும் வழியை அதற்கு முன்பே, 1977-இல், சிம்மர்மான், ரோசலெட் இருவரும் கொடுத்திருந்தார்கள். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி இரு சவ்வுகளுக்கு இடையே இருக்கிறது. முழுச் செல்லில் அந்த நொதி மருந்தைச் சிதைக்கும் வேகத்தையும், செல்லை உடைத்துவிட்ட பிறகு சிதைக்கும் வேகத்தையும் ஒப்பிட்டார்கள். முழுச் செல்லில் வேகம் குறைவு, ஏனென்றால் நொதி தயாராக இருந்தும் மருந்து மெதுவாகத்தான் வந்து சேருகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து வெளிச்சவ்வின் ஊடுருவு திறனைக் கணக்கிட்டுவிடலாம். கிருமியின் சொந்த எதிர்ப்பு ஆயுதமே அளவுகோலாகிவிடுகிறது. நைட்ரோசெஃபின் என்ற சேர்மம் சிதையும்போது மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் என்பதால், நொதி வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே குறை: நொதி சிதைக்கக்கூடிய மருந்துகளுக்கு மட்டும்தான் இது உதவும்.

சில மருந்துகள் தாமே ஒளிரும். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் புற ஊதாக் கதிர் பட்டால் நீல ஒளி விடும். கிருமியை உடைத்து, ஒளியின் அளவை வைத்து மருந்தைக் கணக்கிடலாம். கதிரியக்கத் தொல்லை இல்லை. ஆனால் ஒளிராத மருந்துக்கு ஒளிரும் வால் ஒன்றை ஒட்டவைத்து அளப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. 350 டால்டன் மருந்தில் 400 டால்டன் சாயத்தை ஒட்டினால், அளக்கப்படுவது மருந்தா சாயமா?

ஒரு செல்லுக்கு அறுநூறு மூலக்கூறுகள்

எந்த ஒட்டும் இல்லாமல், எந்த மருந்தையும் அளக்க வழிகாட்டியது நிறை நிறமாலைமானி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஆய்வகங்களில் வழங்கும் இக்கருவி, மூலக்கூறை அதன் எடையாலும், உடைத்தால் வரும் துண்டுகளின் எடையாலும் அடையாளம் கண்டு எண்ணும்.

எவ்வளவு சிறிய அளவை எண்ண வேண்டும் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஈ.கோலையின் கொள்ளளவு சுமார் ஒரு கன மைக்ரோமீட்டர். அப்படியானால் ஒரு லட்சம் கோடி ஈ.கோலைகளின் மொத்தக் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டர். ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஒரு லட்சம் கோடி செல்லுக்கு இத்தனை நானோமோல்’ என்ற அலகு வருவதைப் பார்க்கலாம். ஒரு நானோமோல் என்றால், செல் ஒன்றுக்குச் சுமார் 600 மூலக்கூறுகள். செல்லுக்குள் அடர்த்தி சுமார் 1 மைக்ரோமோலார், அதாவது மில்லிலிட்டருக்கு ஒரு நானோமோல். இந்த ஒரு சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இத்துறைக் கட்டுரைகளின் அட்டவணைகள் திடீரென்று பேசத் தொடங்கும்.

இனிச் செய்முறை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதர் குழு பின்பற்றியது இது. வளர்ந்துகொண்டிருக்கும் ஈ.கோலையைத் திரட்டி, உப்புக் கரைசலில் கலந்து, 50 மைக்ரோமோலார் அடர்த்தியில் மருந்தைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைக்கிறார்கள். நீண்ட நேரம் வைத்தால் மருந்தே செல்லைச் சேதப்படுத்தி, அதன் பிறகு எல்லாம் தாறுமாறாக நுழையும். பத்து நிமிடம் என்பது ஒரு சமரசம்.

அடுத்த படியில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. செல்களை மருந்துக் கரைசலிலிருந்து பிரிக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். ஆனால் செல்களுக்கு இடையே கரைசலும் தங்கிவிடும். ஒரு மில்லிலிட்டர் செல்லோடு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிலிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்: 50 மைக்ரோமோலார் கணக்கில் அதில் 10 நானோமோல் மருந்து இருக்கும். ஒரு மூலக்கூறுகூட உள்ளே நுழையாத மருந்து, அட்டவணையில் 10 என்று நிற்கும்.

அலசிவிடலாமே என்று தோன்றும். அலசும் நேரத்தில் உள்ளே போன மருந்து கசியத் தொடங்கும். பம்புகளும் சும்மா இருப்பதில்லை. கதிரியக்கக் காலத்திலிருந்தே ஆய்வாளர்கள் பனிக்கட்டிக் குளிரில், விநாடிக் கணக்கில் அலசிப் பழகியதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு அழகான தீர்வு சிலிகோன் எண்ணெய். நீரைவிட அடர்த்தி அதிகமாகவும் பாக்டீரியாவைவிட அடர்த்தி குறைவாகவும் இருக்கும்படி எண்ணெய்க் கலவையைத் தயாரிக்கிறார்கள். குழாயின் அடியில் எண்ணெய், அதன்மேல் செல்கள் மிதக்கும் மருந்துக் கரைசல். எண்ணெய் முன்கூட்டியே கடுங்குளிரில் வைக்கப்பட்டிருக்கும். சுழற்றினால் செல்கள் மட்டும் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். நீர் மேலேயே நின்றுவிடும். அலசும் வேலையே இல்லை. மேலிருக்கும் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிட்டால், குழாயின் அடியில் மருந்து குடித்த செல்களின் வெளிறிய படிவு மட்டும் இருக்கும்.

பிறகு அந்தப் படிவை உறையவைத்து, வெந்நீரில் உருக்கி, மறுபடி உறையவைத்துச் செல்லை உடைக்கிறார்கள். மெத்தனால் சேர்த்தால் மருந்து கரைந்து வரும், புரதங்கள் திரிந்து படியும். தெளிந்த திரவம் கருவிக்குப் போகிறது. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. உடைந்த செல்லின் குப்பைகள் கருவியின் கணக்கைக் கெடுக்கும் என்பதால், ஒப்பீட்டுக்கான மருந்துக் கரைசலையும் தூய நீரில் தயாரிக்காமல், மருந்து படாத செல்லை உடைத்தெடுத்த சாற்றில்தான் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகச் சேரும் டெட்ராசைக்ளின் போன்ற ஒன்றையும், சேராத மருந்து ஒன்றையும் உடன் ஓட்டுவார்கள். இந்த இரண்டும் இல்லாத அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

எண் வந்த பிறகு

கிடைத்த எண் செல்லோடு வந்த மருந்தின் அளவு. செல்லுக்குள் இருந்த மருந்தின் அளவு என்று அதைப் படிக்க இன்னும் சில ஐயங்கள் தீர வேண்டும்.

கொலிஸ்டின் போன்ற நேர்மின்னேற்ற மருந்துகள் வெளிச்சவ்வின் எதிர்மின்னேற்றக் கொழுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த்தன்மை மிகுந்தவை சவ்வுக்குள்ளேயே புதைந்துவிடும். கருவிக்கு ஒட்டியதும் ஒன்றுதான், நுழைந்ததும் ஒன்றுதான். உள்ளே போனவற்றிலும் இரு சவ்வுகளுக்கு இடையே எவ்வளவு, செல்லின் நடுவே எவ்வளவு என்பது ஒட்டுமொத்த எண்ணில் தெரியாது. டெட்ராசைக்ளின், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பற்றிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்தே எண்ணுகிறோம், தனித்துத் திரியும் மருந்து எவ்வளவு என்பது வேறு கேள்வி. பெனிசிலின் வகைகள் எதிர்த் திசையில் ஏமாற்றும். நொதி சிதைத்த மருந்தில் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து எடை 18 டால்டன் கூடிவிடும். பழைய எடையைத் தேடும் கருவி அதைப் பார்க்காமல் ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சொல்லும்.

நுழைவுக் குறையா, வெளியேற்றமா என்று பிரித்தறிய மரபணு மாற்றிய கிருமிகள் கைகொடுக்கின்றன. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஹெலன் ஸ்குர்ஸ்காயா குழு நான்கு வகைக் கிருமிகளை உருவாக்கியது: இயல்பானது, பம்பு நீக்கப்பட்டது, வெளிச்சவ்வில் பெரிய துளை போடப்பட்டது, இரண்டும் செய்யப்பட்டது. ஒரே மருந்தை நான்கிலும் சோதித்து எம்.ஐ.சி.யை ஒப்பிட்டால், தடை எங்கே என்பது விளங்கிவிடும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதால் சிறிய ஆய்வகங்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அளந்து அளந்து என்ன கிடைத்தது? 2017-இல் ஹெர்கன்ரோதர் குழு 180-க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஈ.கோலையில் அளந்து, சேரும் மூலக்கூறுக்கு ஒரு முகஜாடையை வரைந்தது. மறைவின்றி நீட்டிக்கொண்டிருக்கும், நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதி ஒன்று வேண்டும். மூலக்கூறின் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் எண்ணெயையும் விரும்ப வேண்டும். வளைந்து நெளியாமல் விறைப்பாக இருக்க வேண்டும். உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். அத்தோடு நிற்காமல், கிராம் பாசிட்டிவ் கிருமிகளை மட்டும் கொன்றுகொண்டிருந்த டீஆக்சிநைபோமைசின் என்ற சேர்மத்தில் சரியான இடத்தில் ஓர் அமீனைப் பொருத்தினார்கள். அது ஈ.கோலையையும் வேறு பல கிராம் நெகட்டிவ் கிருமிகளையும் தடுக்கத் தொடங்கியது. 1961-இல் விற்பனைக்கு வந்த ஆம்பிசிலினும் பெனிசிலினில் ஓர் அமீன் தொகுதியைச் சேர்த்துப் பெற்றதுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஃபிளெமிங் தொட முடியாத ஈ.கோலையை ஆம்பிசிலின் தொட்டது.

ஆனால் அந்தப் புதிய சேர்மம் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் பலிக்கவில்லை. இக்கிருமியின் வெளிச்சவ்வு ஈ.கோலையுடையதைவிடப் பல மடங்கு கடினமானது, போரின்கள் குறுகலானவை. 2023-இல் அதே குழு சூடோமோனாசிலேயே அளவெடுத்தபோது, மருந்துகள் பல போரின்களைச் சாராமலேயே உள்ளே சேர்வதும், அங்கே செல்லுபடியாகும் விதிகள் வேறு என்பதும் தெரியவந்தன. ஈ.கோலையில் எழுதிய விதியை மற்ற கிருமிகளுக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. ஒரே இனத்திலும் நிலைமை மாறும்: மருத்துவமனைகளில் கிடைக்கும் கிளெப்சியெல்லாக்களில் சில, முதன்மையான போரின்களையே இழந்து மருந்தைத் தவிர்க்கின்றன. கிருமி இரும்பை உறிஞ்சும் வழியில் ஏறிக்கொண்டு உள்ளே போகும் செஃபிடெரோகால் என்ற மருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததற்குப் பின்னால், இந்த வாசல்களை நம்பியிருக்கத் தேவையில்லை என்ற சிந்தனை இருக்கிறது.

இதுவரை சொன்ன எல்லா எண்களும் கோடிக்கணக்கான செல்களின் சராசரி. ஒரு குழாயில் உள்ள செல்கள் எல்லாம் ஒரே அளவில் மருந்தைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு செல்லையும் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்களில் நிறுத்தி, மருந்தை ஓடவிட்டு, நுண்ணோக்கியில் ஒளிர்வைப் பார்க்கும் முறை இப்போது வந்திருக்கிறது. எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பல்யாரா குழு இவ்வாறு மேக்ரோலைடு வகை (எரித்ரோமைசின் குடும்ப) மருந்துகளை ஈ.கோலையில் பார்த்து, 2022-இல் எதிர்பாராத ஒன்றை வெளியிட்டது. மெதுவாக வளரும் செல்தான் மருந்துக்குத் தப்பும் என்பது பாடப்புத்தக அறிவு. இங்கே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த செல்களே மருந்தைக் குறைவாகச் சேர்த்தன. தப்பிப் பிழைத்தவையும் அவையே.